பரமேஸ்வரி அக்கா கழற்றிக் கொடுத்த ஓவியம்

மலேசியாவின் தாப்பா ஊரில் நான் இப்போது வேலை பார்க்கும் கிளினிக்குக்குத்தான் தொலைபேசி வந்தது. பேசியவர் அக்காவின் தம்பி மகன். "அங்கிள், மாமி இண்டைக்கு விடிய மோசம் போயிட்டா. நித்திரையிலேயே" என்றார். எக்ஸ்ரே அறையில் ஒருவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவரிடம் திரும்பிப் போனபோது எந்தப் பக்கத் தோளைப் படம் எடுக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டிருந்தேன்.

பரமேஸ்வரி அக்காவை உங்களில் பலருக்கு, ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவை நடத்தியவராகத் தெரிந்திருக்கும். நான் அவரிடம்தான் வேலை பழகினேன். அவர் குடியிருந்த சிலிபின் பகுதிக்காரர்களுக்கு அவர், வீடு முழுக்க ஒன்றும் புரியாத படங்களை மாட்டி வைத்திருந்த யாழ்ப்பாணத்து அம்மா. அந்த வீட்டைப் 'பெயிண்ட் கொட்டின வீடு' என்று பக்கத்தில் சொல்வார்கள். அது அக்காவின் காதுக்கும் போனது. "கொட்டினதும் ஒரு ஆள்தானே, தானாக் கொட்டேல்லையே" என்று சிரித்தார்.

முதல் படத்தை அவர் வாங்கியது எழுபதுகளின் தொடக்கத்தில். பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் ஓவியக் கண்காட்சி நடந்தது. வேலாயுதம் என்ற சித்திர ஆசிரியர் வரைந்த ஒரு பெரிய படத்தின் முன்னால் கூட்டம் நின்று கேலி செய்துகொண்டிருந்தது. படம் முழுக்கக் கறுப்பு. அடியில் செங்கல் நிறத்தில் ஒரு விளிம்பு. நடுவில் முழு வெள்ளையும் இல்லாத ஒரு கீற்று, சாய்ந்தபடி. "என்னலா இது, சட்டிக் கரியா?" என்றார் ஒருவர். வேலாயுதம் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஈப்போவுக்குப் பக்கத்தில் சிம்பாங் பூலாய்க்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், ஒல்லியானவர், யாருக்கும் எதையும் விளக்கவில்லை.

அக்காவோடு போயிருந்த நான் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். அக்கா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னக்கா இது?"

"தெரியேல்லை. தெரியாததாலதான் வாங்கப்போறன்."

பிறகு பலமுறை அதற்குக் காரணம் கேட்டிருக்கிறேன். ஒருமுறை, ஈரம் காயாத எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்: "படத்தில என்ன இருக்கெண்டு சொல்லுறது என்ர வேலை. நிழலைப் பார்த்துக் கட்டி எண்டு சொல்ல வேணும், முறிவு எண்டு சொல்ல வேணும். வீட்டுக்குப் போனால் அப்பிடி ஒண்டும் சொல்லத் தேவையில்லாத படம் எனக்கு வேணும்." இந்த வகை ஓவியம் எப்படிப் பிறந்தது என்பதையும் அவர் தன் வழியில்தான் சொல்வார். முகத்தையும் மரத்தையும் உள்ளபடி காட்டும் வேலையைக் காமரா எடுத்துக்கொண்டதாம். ஐரோப்பாவில் சில ஓவியர்கள், நமக்கு மிச்சம் என்ன என்று யோசித்து உருவத்தையே விட்டுவிட்டார்களாம். "எக்ஸ்ரே கண்டுபிடிச்சதும் கிட்டத்தட்ட அந்தக் காலம்தான். எல்லாருக்கும் தோலுக்குப் பின்னால பார்க்க ஆசை வந்திட்டுது." வரலாற்று ஆசிரியர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா, தெரியாது. நாங்கள் ஒப்புக்கொண்டோம்.

எண்பதுகளில் நிலைமை மாறியது. ஒரு காலத்தில் கேலி செய்த வகைப் படங்களைத் தேடிக் கோலாலம்பூரிலிருந்து வரத் தொடங்கினார்கள். புதிய வீடு, உயரமான சுவர், வருகிறவர்கள் கேட்பதற்கு ஒரு படம். அப்படி வாங்கி விற்கும் ஒருவர் அக்காவின் வீட்டுக்கும் வந்தார். வேலாயுதத்தின் கறுப்புப் படத்தின் முன்னால் உட்கார்ந்து, "இதுக்குப் பின்னால என்ன கதை மேடம்?" என்றார்.

"எனக்குத் தெரியாது. அவரும் சொன்னதில்லை."

"கதை இல்லாம விக்க முடியாது மேடம்."

"நான் விக்கேல்லையே."

அவர் ஒரு புகைப்படம் மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். அக்கா எடுக்க விட்டார்.

அந்தப் புகைப்படம் சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்தது. அந்த மனிதர் தோட்டத்தில் யார் யாரையோ விசாரித்திருக்கிறார். வேலாயுதம் சிறுவனாக இருந்தபோது தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் தீப்பிடித்ததையும், அவருடைய தம்பி அதில் இறந்ததையும் கண்டுபிடித்திருக்கிறார். கறுப்பு என்பது கரிந்த லயம், செங்கல் நிறம் என்பது தணல், வெள்ளைக் கீற்று அந்தப் பிள்ளை. வரிசையாக அச்சில் இருந்தது.

அன்று மத்தியானம் நான் அக்காவின் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். பத்திரிகை மேசையில் கிடந்தது. இருவரும் படித்துவிட்டிருந்தோம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. வேலாயுதம் செருப்போடு உள்ளே வந்தார். உடம்பெல்லாம் நனைந்து, வலது கையில் அட்டை வெட்டும் கத்தி.

நான் எழுந்தேன். அக்கா என்னைப் பார்த்து, "இருங்கோ தம்பி" என்றார். நான் உட்காரவில்லை.

"எங்க லயத்துல எரிஞ்சது உங்க ஹால்ல அழகா இருக்காம்மா?" என்று வேலாயுதம் கேட்டார். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"படம் எடுக்க விட்டது நான்தான். கதை நான் சொல்லேல்லை. எனக்கே தெரியாது."

"இத்தனை வருஷம் நான் யாருக்கும் சொல்லல. என் பொண்டாட்டிக்குக்கூடச் சொல்லல. யாருக்கும் தெரியாதுங்கிற தைரியத்துலதான் அதை விட்டு வச்சேன்." கத்தியின் அலகை வெளியே தள்ளினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "இப்ப உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. சொல்லுங்க. இனிமே அதைப் பாத்தா என் தம்பி எரியறதுதானே தெரியும்?"

அக்கா திரும்பிப் படத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு நிறங்கள்தான் தெரியுது வேலாயுதம் என்று ஒரு வார்த்தை சொன்னால், ஒருவேளை அந்த அலகு கத்திக்குள்ளேயே திரும்பியிருக்கும்.

"ஓம்" என்றார். "அதுதான் தெரியுது. காலமையில இருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறன்."

வேலாயுதம் படத்தை நோக்கி நடந்தார். அக்கா குறுக்கே போகவில்லை. அவருக்கு முன்னால் சுவரை அடைந்து, படத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ" என்றார். இருவருமாகக் கழற்றிச் சாப்பாட்டு மேசை மேல் கிடத்தினோம்.

"இது உங்கட தம்பி. என்ர சுவரில இருக்கக் கூடாது. கொண்டு போங்கோ. என்ன செய்யிறதெண்டாலும் நீங்கள் செய்யலாம். நான் கேக்க மாட்டன்."

சண்டைக்கு வந்த மனிதருக்குச் சண்டை கிடைக்கவில்லை. கத்தியைப் பிடித்தபடியே நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். தீயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு ராமு என்று பெயர், விசில் அடிக்கத் தெரியாமல் வெறும் காற்றை ஊதுவான், ஆட்டுக்குட்டியைப் போர்வைக்குள் ஒளித்து வைத்துத் தூங்குவான். அக்கா எதிரே உட்கார்ந்து கேட்டார். நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மழை குறைந்ததும் மேசைவிரிப்பு பிளாஸ்டிக்கில் படத்தைச் சுற்றினோம். என் காரின் பின்னிருக்கையில் அது குறுக்காக நின்றது. சிம்பாங் பூலாய் வரைக்கும் வேலாயுதம் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். கல் லாரிகள் எதிரே வரும்போதெல்லாம் கையைப் பின்னால் நீட்டிப் படத்தைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கை கத்தி இருந்த சட்டைப்பையின் மேல் இருந்தது.

அடுத்து நடந்தது உங்களில் சிலருக்குத் தெரியும், வேறு மாதிரியாக. கோலாலம்பூர்க்காரர் அந்தப் படத்தை ஒரு கண்காட்சியில் வைப்பதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தார். படம் எங்கே என்று கேட்டபோது அக்கா, "என்னட்ட இல்லை" என்றதோடு நிறுத்திக்கொண்டார். ரகசியமாக வெளிநாட்டுக்கு விற்றுவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. ஞாயிறு தோறும் ஓவியங்களைப் பார்க்க வந்துகொண்டிருந்த நண்பர்கள் வருவதை நிறுத்தினார்கள். "சொல்லிடுங்கக்கா, உங்க பேர்தானே கெட்டுப் போவுது" என்று நான் சண்டை போட்டேன். "சொன்னால் அவையள் நேரே அவரிட்டைப் போவினம்" என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒரு மாதத்துக்குப் பிறகு வேலாயுதம் வந்தார். வாசலில் நின்றபடியே, "எரிச்சிட்டேன்மா. அன்னைக்கே" என்றார்.

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். தன்னிடம் இருந்த எல்லாவற்றிலும் அவர் அதிகம் நேசித்தது அந்தப் படத்தைத்தான். விடுமுறை நாட்களை அதன் எதிரே உட்கார்ந்தே கழித்தவர். விரல்கள் வெளுத்துப்போகும்வரை பிடித்திருந்தார்.

"சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டார். "வாங்கோ, சோறு இருக்கு."

இரண்டு மழைக்காலம் போன பிறகுதான் வேலாயுதம் மறுபடி தூரிகையைத் தொட்டார். வரைந்ததை அக்காவிடம் கொண்டுவந்தார்.

அக்காவின் இறுதி ஊர்வலத்தில் வேலாயுதம் தோள் கொடுத்தார். நிறைய நேரம், வேறு ஆளுக்கு மாற்றாமல். ஒரு மூலையில் இருவர், மிச்சப் படங்கள் யாருக்குப் போகும் என்று பேசிக்கொண்டார்கள். தம்பி மகன் பத்திரமாக வைத்துக்கொள்வார். எனக்கு அதில் கவலை இல்லை.

என்னிடம் இருப்பது ஒரு சொல். என் வேலையில், படத்தை விளக்கில் பிடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் முதலில் படத்தைப் பார்ப்பதில்லை. என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு பெண், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே, "அண்ணே, ஏதோ இருக்குதானே?" என்று கேட்டாள். 'டாக்டர் சொல்வார்' என்று கிளினிக்கில் இதற்கென்று வழக்கமான மழுப்பல் ஒன்று உண்டு, எல்லோரும் சொல்வது. அது என் வாயில் வந்து நின்றது. எங்கள் வீட்டில் 'ஆமா' என்போம்; அங்கே இல்லாத அக்காவின் சொல்லைத்தான் நான் சொன்னேன்.

"ஓம்" என்றேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.