ஸ்பிரிட் தின்ற பெயர்

அந்தோணிமுத்துவுக்குக் கோபம் வந்தால் முதலில் மீசை துடிக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். அன்றைக்கு இரண்டும் ஒன்றாக நடந்தது.

அறுபத்திரண்டாம் வருஷம். திண்டுக்கல்லில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் புற்றுநோய் ஆராய்ச்சி நடந்தது. புகையிலை அடக்கும் வாயில் வருகிற புண் எப்படிப் புற்றாகிறது என்று பார்ப்பார்கள். தலைவி டாக்டர் ரோஸ்மேரி. அவருக்குக் கீழே, மதராஸில் படித்துவிட்டு வந்த சின்ன டாக்டர் உடையப்பன். அந்தோணிமுத்து சதை சீவுகிறவர். படிப்பு அஞ்சாம் கிளாஸ். ஆனால் மெழுகில் புதைத்த சதையை வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவுவார். பதினாறு வருஷக் கை, பிசகாது.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. நோயாளி பெயரைப் பென்சிலில்தான் எழுத வேண்டும். சதையையும் பெயர்ச் சீட்டையும் ஒரே துணியில் முடிந்து ஸ்பிரிட்டில் போடுவார்கள். பேனா மையை ஸ்பிரிட் தின்றுவிடும். உடையப்பனிடம் இதை மூன்று தடவை சொல்லியாயிற்று.

மச்சினி கல்யாணத்துக்கு அந்தோணிமுத்து ஒருநாள் லீவு போட்டார். திரும்பி வந்தால் ஜாடி ஸ்பிரிட் நீலமாகக் கிடக்கிறது. உள்ளே இரண்டு பொட்டலம், இரண்டிலும் பெயர் கரைந்துபோன வெள்ளைச் சீட்டு. முந்தின நாள் சதை கொடுத்தவர்கள் ஆத்தூர் முத்துப்பேச்சி, பேகம்பூர் ஜெய்தூன் பீவி. இருவருக்கும் இடது கன்னத்தில் புண். சீவிப் பார்த்ததில் ஒன்று வெறும் புண், இன்னொன்று புற்று.

"ஆத்தூர் அம்மாவுக்குத்தான் புண் பெருசு. அவங்களுதுதான். எழுதிருங்க" என்றார் உடையப்பன்.

"யாரு கன்னத்த அறுக்கன்னு புண்ணோட சைசப் பாத்தா சொல்லுவீங்க? தப்பாப் போனா ஒருத்தி சும்மா கன்னத்தக் குடுப்பா, இன்னொருத்தி உசுரக் குடுப்பா."

"மெதுவாப் பேசுங்க. பெரிய டாக்டர் அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

"சொன்ன பேச்சு கேக்காம வளருற புற்றுநோய் செல்லைத் தேடுறோம்னு கிளாஸ் எடுத்தீங்களே டாக்டர்! இந்தா நிக்கிது, கோட்டு மாட்டிக்கிட்டு!"

வெள்ளைச் சீட்டுகளோடு நேரே ரோஸ்மேரியிடம் போனார். உடையப்பனும் பின்னாலேயே ஓடினார். அந்த அம்மா சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேர்கிட்டயும் மறுபடி சதை எடுக்கணும். டாக்டர், நீங்களே போய்க் கூப்பிடுங்க. அந்தோணிமுத்து, நீங்களும் கூடப் போங்க."

ஆத்தூர் பஸ்ஸில் அந்தோணிமுத்து பின் வரிசையில் தனியாக உட்கார்ந்தார். முத்துப்பேச்சி கத்திரித் தோட்டத்தில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். உடையப்பன் தொண்டையைச் செருமினார்.

"உங்க சீட்டுல பேரு அழிஞ்சு போச்சும்மா. மறுபடி கொஞ்சம் சதை எடுக்கணும்."

"தானா அழிஞ்சுச்சாக்கும்?" என்றார் அந்தோணிமுத்து.

உடையப்பன் தலை குனிந்தார். "நான்தான்... மையில எழுதிட்டேன்."

"மறுபடியுமா? ஏன் அப்பு, ஆஸ்பத்திரி நடத்துறீகளா, கறிக்கடை நடத்துறீகளா?" திட்டிக்கொண்டேதான் முத்துப்பேச்சி களைக்கொத்தைக் கழுவினாள். மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். பேகம்பூரிலும் அதே பாட்டுக் கேட்டு, ஜெய்தூன் பீவியையும் அழைத்து வந்தார்கள்.

இந்தத் தடவை பெயரை அந்தோணிமுத்து எழுதினார், சீட்டு கிழிகிற மாதிரி அழுத்தி.

புற்று ஜெய்தூன் பீவிக்கு. புண் துவரம்பருப்பு அளவுதான்.

மதுரையில் ஆபரேஷன் முடிந்து, கோணின வாயோடு அவள் வந்து சிரிக்கிற வரைக்கும் அந்தோணிமுத்து சின்ன டாக்டரிடம் பேசவில்லை. அதற்கப்புறமும் பெரிதாகப் பேசினார் என்று சொல்ல முடியாது. தினமும் காலையில் ஒரு பென்சிலைச் சீவி அவர் மேஜையில் வைப்பார், அவ்வளவுதான்.