வலி குறைந்ததா என்ற கேள்வி

மருத்துவச் செலவுகளைத் திட்டமிடும் ஓர் அலுவலகத்தில் என் முதல் வேலை, மூட்டுவாத நோயாளருக்கான ஒரு படிவத்தைத் தயாரிப்பது. விலை உயர்ந்த ஊசிமருந்து எல்லோருக்கும் போதவில்லை. வலி குறைந்தவர்களை மலிவான மாத்திரைக்கு மாற்றினால், காத்திருப்போருக்கு அந்த ஊசி கிடைக்கும். ‘முன்பைவிட வலி குறைந்துள்ளதா?’ என்று ஒரே கேள்வியாக எழுதினேன். அது நியாயமென்று நம்பினேன். இன்றும் அந்த நம்பிக்கையை முழுமையாகக் கைவிட முடியவில்லை.

கொட்டாஞ்சேனையில் தனியாக வாழ்ந்த என் சின்னம்மாவும் அந்த ஊசியைப் போட்டுவந்தார். கப்பல் கம்பனியொன்றில் கணக்கெழுதும் லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊசி தொடங்கிய பிறகே அவருடைய விரல்கள் மீண்டும் தேங்காய் துருவின.

ஒரு மழைநாளில் வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து அவரைப் பார்க்கப் போனேன். கதவைத் திறக்க வெகுநேரம் எடுத்தார். ஊசியை நிறுத்தி நான்கு மாதங்களாகியிருந்தன.

“ஏன் நிப்பாட்டினவை?”

“வலி குறைவோ எண்டு ஒரு படிவத்தைப் பாத்து டொக்டர் கேட்டவ. ஓம் எண்டனான்.”

“உண்மையாக் குறைஞ்சதோ?”

“அந்த டொக்டர்ப் பிள்ளை விடியத்தொடக்கம் எத்தினை பேரைப் பாக்குது. இன்னும் நோகுது எண்டு முகத்துக்கு நேர எப்பிடிச் சொல்லுறது?”

அந்தப் படிவம் என்னுடையது என்று சொன்னேன்.

“நீ எழுதினதோ? என்னட்டைக் கேட்டிருந்தா வேற கேள்வி சொல்லியிருப்பன். கதவுப் பூட்டில திறப்பைத் திருப்ப ஏலுதோ எண்டு கேட்டிருக்கலாம்.”

மீண்டும் விண்ணப்பித்தோம். அவருடைய ஊசி, கைக்குழந்தையைத் தூக்க முடியாதிருந்த ஓர் இளம் தாய்க்குப் போயிருந்தது. “அவவிட்டைப் பறிச்சு எனக்குத் தரவேண்டாம்” என்றார் சின்னம்மா. காத்திருப்போர் பட்டியலின் கடைசியில் அவர் பெயர் சேர்ந்தது. படிவத்தைத் திருத்த நான் எழுதிய குறிப்பு மேசை மேசையாக நகர்ந்து, ஒருவழியாக ஏற்கப்பட்டது. அதற்குள் அவருடைய விரல்கள் வளைந்தபடியே இறுகிவிட்டன. இனி ஊசி கிடைத்தாலும் அவை நிமிரா என்றார் வைத்தியர்.

அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்துவர நான் போன காலையில், தன் வீட்டைத் தானே பூட்ட முயன்றார். இரு கைகளாலும் திறப்பைப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நான் பூட்டினேன்.

படியிறங்கும்போது, “காஸ் அடுப்பை நிப்பாட்டினியோ?” என்று மட்டும் கேட்டார்.