கொசுறாகக் கொடுத்த கருவாடு

போன வருஷம் கார்த்திகை மாசம், மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலை. கள்ளக்குறிச்சியில் தெருவே பாய் கடை என்று சொல்லும் எங்கள் மளிகைக்கடையும் வீடும் ஒன்றுதான். முன்னால் கடை, பின்னால் நாங்கள்.

எங்களிடம் சக்கரை என்று ஒரு வெள்ளைப் பூனை இருந்தது. அதை வெளியே விடுவதா கூடாதா என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்து. பத்தாவது படிக்கும் என் மகள் கதவைச் சாத்துவாள், நான் திறந்துவிடுவேன். "ரோட்டுல எவ்ளோ வண்டி போவுது, வூட்டுக்குள்ளயே வெச்சிக்கலாம்மா" என்பாள். "பூனைன்னா நாலு வூடு ஏறி எறங்கத்தான் செய்யும். அடச்சி வெக்க அது இன்னா கிளியா?" என்பேன். என் வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் தலையாட்டுவார்.

அன்று ஏழு மணி இருக்கும். வெளியே போயிருந்த சக்கரை பின்வாசல் வழியாகத் தள்ளாடிக்கொண்டு வந்தது. வாயெல்லாம் நுரை. நாலு அடி வைத்து அரிசி மூட்டை பக்கத்தில் விழுந்து, கால்களை வெட்டி வெட்டி இழுத்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மகள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

கோபம் வந்தால் என் வாய் நிற்காது. தெருவில் இறங்கி, "வாயில்லா ஜீவனுக்கு வெஷம் வெச்சவங்க குடும்பம் வெளங்குமா?" என்று எல்லாரையும் சேர்த்துச் சாபம் விட்டேன்.

பிஸ்கட் அட்டைப்பெட்டியில் துண்டை விரித்துப் படுக்கவைத்து, நானும் மகளும் ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம். வழியிலேயே வாந்தி எடுத்தது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, வாந்தியைக் குச்சியால் கிளறிப் பார்த்தார். "கருவாட்டுல எலி மருந்தத் தடவி வெச்சிருக்காங்கம்மா" என்றார்.

குனிந்து பார்த்தேன். வாளைக் கருவாட்டின் வால் துண்டு. கயிறு மாதிரி மெலிந்து கிடக்கும், காசு கொடுத்து யாரும் வாங்க மாட்டார்கள்.

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வால் துண்டுகளை ஊருக்குக் கொடுப்பதே நான்தான். மழைக்காலத்தில் எலித் தொல்லை ஜாஸ்தி. எலி மருந்துப் பொட்டலம் வாங்க யார் வந்தாலும், "சும்மா வெச்சா எலி மோந்துட்டுப் போயிடும், இதுல தடவி வைங்க" என்று விற்காத வால் துண்டு இரண்டைத் தாளில் மடித்துக் கொசுறாகக் கொடுப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு. முந்தின நாள் மட்டும் மூன்று பேருக்குக் கொடுத்திருந்தேன். கருவாடு என்றால் எலிக்கு முன்னால் பூனைதான் ஓடிவரும் என்பது, பூனை வளர்க்கிற எனக்கு ஒரு தடவைகூட உறைக்கவில்லை.

மகளுக்கும் புரிந்துவிட்டது. கருவாட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சக்கரையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. பதினோரு மணிக்கு அவள் மடியிலேயே சக்கரை அடங்கிவிட்டது.

திரும்பி வந்தபோது, பின்சந்தில் குடியிருக்கும் பெண் கடை வாசலில் நின்றிருந்தாள். கரும்பு வெட்டக் கூலிக்குப் போகிறவள். அன்று வேலைக்குப் போகாமல் எனக்காகவே காத்திருந்திருக்கிறாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"எலி புள்ளைங்க காலக் கடிச்சிக்கினே இருந்திச்சி பாயம்மா. நீங்க சொன்ன மாரியேதான் வெச்சேன். உங்க பூனை வந்து தின்னும்னு தெரியாதுங்க. எம் புள்ளைங்கள சபிச்சிடாதீங்க" என்று என் காலில் விழப்போனாள்.

பதறிப்போய்த் தூக்கினேன். தெருவே கேட்க, "நீ கொல்லலம்மா, நான்தான் கொன்னேன்" என்றேன். அவளுக்கு அது போதவில்லை. "சாபத்தத் திருப்பி எடுத்துக்கினேன்னு சொல்லுங்க" என்றாள். மூன்று தடவை சொல்லவைத்த பிறகுதான் போனாள்.

உடனே, முந்தின நாள் மருந்து வாங்கிய மற்ற இரண்டு வீட்டுக்கும் ஓடினேன். ஒரு வீட்டில், குழந்தை தவழ்கிற அறையின் மூலையில் கிடந்தது நான் கொடுத்த துண்டு. அதைப் பொறுக்கி எடுத்து, அந்த மூலையை இரண்டு தடவை கழுவிவிட்டுத்தான் வந்தேன்.

இப்போது எலிக்கென்று கடையில் பொறி மட்டும்தான் விற்கிறோம். பூனையை வெளியே விடலாமா என்று யாராவது கேட்டால், வெளியே சக்கரைக்காகக் காத்திருந்த சாவை என் கையால்தானே மடித்துக் கொடுத்தேன் என்ற நினைப்பு மட்டும் வருகிறது.