பூட்டிய கேட்டும் ஒரு தட்டு ஜிலேபியும்

மில்லில் எனக்குக் கொடுத்த பதவியின் பெயர் அடையாள அட்டையில் இரண்டு வரிக்கு நீளும். என்னென்ன தப்பாகப் போகலாம் என்று முன்கூட்டியே யோசித்து, போனால் என்ன செய்வது என்று தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த நீளப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நான் சேர்ந்த வாரமே மேனேஜர் அதைச் சுருக்கிவிட்டார். காலையில் கருமத்தம்பட்டி தாண்டி என் ஸ்கூட்டர் மில்லுக்குள் திரும்பியதும் குரல் கொடுப்பார்: "ரிஸ்க் அம்மணி வந்தாச்சுங்க! உசாரா இருங்க, எதையாச்சும் செவப்புல எழுதிப்போடுவாங்க!"

அவர் கிண்டல் செய்தது என் அறைச் சுவரில் தொங்கிய அட்டவணையை. பஞ்சு குடோனில் தீ, மின்வெட்டு, பஞ்சு விலை ஏற்றம், வெளிநாட்டு ஆர்டர் ரத்து என்று ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை. எம்.பி.ஏ. முடித்த சூட்டில் அதற்கு நான் கொஞ்சிக் கொஞ்சி வண்ணம் தீட்டியிருந்தேன். கோவை ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இந்த வேலை இன்றுவரை பிடிபடவில்லை. "ஏன் கண்ணு, நாள் பூரா கெட்டது நடக்கும்னு நெனைக்கறதுக்கா சம்பளம் தர்றாங்க?"

"ஆமாங்கப்பா. அம்மா இத்தனை வருசமா அதத்தான் சும்மா செஞ்சுக்கிட்டிருக்காங்க."

வந்தது என் அட்டவணையில் இல்லாத ஒன்று. ஒரு வீடியோ. எங்கோ யாரோ அடித்துக்கொள்கிறார்கள். பின்னணியில் ஒரு குரல், தமிழ்நாட்டில் வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்களைத் தேடித் தேடி அடிக்கிறார்கள் என்று இந்தியில் சொல்கிறது. அது நம் ஊரே இல்லை, பொய். ஆனால் பொய் என்று எங்களுக்குத் தெரிந்து என்ன பயன்? எங்கள் மில் விடுதியில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பெண்கள். ஹோலி நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் வீடுகளிலிருந்து ஓயாமல் போன் வரத் தொடங்கியது. "கிளம்பி வந்துவிடு." அவர்கள் மொத்தமாகக் கிளம்பினால் பாதி மில் நின்றுவிடும். உள்ளூர்ப் பெண்களின் ஷிப்டும் அதோடு போகும்.

முதலாளி உடனே கூட்டம் போட்டார். ஐம்பதைத் தாண்டியவர், அவருடைய அப்பா காலத்தில் அந்த மில் நிற்கும் இடம் சோளக்காடு. "அந்தப் புள்ளைங்க நம்மள நம்பி வந்திருக்குது. ஒரு கீறல் படக்கூடாது" என்றார். அதை மனசாரத்தான் சொன்னார்.

"கேட்டைச் சாத்திப்போடலாங்க. வெளிய போனாத்தானுங்க பிரச்சினை? வேணுங்கறத நாமளே உள்ள கொண்டாந்து குடுத்துரலாம்" என்றார் மேனேஜர்.

எல்லோரும் தலையாட்டினோம். இந்தப் பக்கத்து மில் விடுதிகளைப் பற்றி, பெண்களை வெளியே விடாமல் அடைத்து வைப்பதாகக் கெட்ட கதைகள் உண்டு என்பது எனக்குத் தெரியும். எங்கள் விடுதி அப்படி இல்லை. ஞாயிறு என்றால் கேட் திறந்தே கிடக்கும், மில் பஸ் சந்தைக்குப் போய் வரும். அதனாலேயே சில நாள் சாத்தி வைப்பது எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை போல.

பிறகு தொடங்கியது எங்கள் உபசாரம். கொங்கு நாட்டில் ஒருவரைக் கவனிப்பது என்று இறங்கிவிட்டால் பாதியில் நிறுத்தத் தெரியாது. கேன்டீனில் சோற்றோடு சப்பாத்தி வந்தது. காய்கறி வண்டி உள்ளே வந்தது, வளையல்காரர் உள்ளே வந்தார், போன் ரீசார்ஜ்கூட சூப்பர்வைசர் கையாலேயே நடந்தது. வெள்ளிக்கிழமை முதலாளி வீட்டிலிருந்து ஒரு அண்டா நிறைய ஜிலேபி வந்தது.

அன்று மாலை ரிங் ஃப்ரேமில் நூல் நூற்கும் ஜார்க்கண்ட் பெண் ஒருத்தி, ஒரு தட்டு ஜிலேபியை அப்படியே கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றாள். இருபது வயது இருக்கும். தமிழை மில்லில்தான் கற்றுக்கொண்டாள், அதனால் விடுதிப் பூனையைக்கூட "தள்ளிப் போங்க" என்பாள்.

"அக்கா, ஒன்னு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"எதுக்குங்க ஜிலேபி?"

"சும்மாதான். ஹோலி வருதில்ல."

"போன வருசமும் ஹோலி வந்துச்சுங்களே. அப்ப ஜிலேபி இல்ல, கேட் தெறந்திருந்துச்சு. இப்ப ஜிலேபி இருக்குது, கேட் பூட்டியிருக்குது. நாங்க என்னன்னு நெனைக்கறதுங்க?"

அவளை உட்காரச் சொன்னேன். காலையில் ஷாம்பு வாங்க கேட்டுக்குப் போயிருக்கிறாள். வாட்ச்மேன் மரியாதையாகத்தான் தடுத்திருக்கிறார். "வேணாங்கம்மணி, உள்ளயே இருங்க, உங்க நல்லதுக்குத்தான்." அந்த நேரம் பார்த்து அவள் அம்மா வீடியோ காலில் இருந்திருக்கிறார். பூட்டிய கேட்டையும் கையில் தடியோடு நிற்கும் ஆளையும் பார்த்துவிட்டார்.

"உள்ள அடைச்சு வெச்சிருக்காங்களான்னு கேட்டாங்க. இல்லம்மான்னேன். அப்படின்னா வெளிய போய்க் காட்டுன்னாங்க." தட்டை மேசைமேல் வைத்தாள். "காட்ட முடியலைங்கக்கா. அம்மா காலையில இருந்து சாப்பிடல."

எழுந்து போனவள் வாசலில் திரும்பினாள். "ராத்திரி செவுரு ஏறிப் போயிரலாம்னு சில பேரு பேசிக்கறாங்க. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலை. இரவெல்லாம் கன்டெய்னர் லாரிகள். அட்டவணையை நிமிர்ந்து பார்த்தேன். வீடியோ செய்ததைவிட எங்கள் பூட்டு அதிகமாகச் செய்துகொண்டிருந்தது. பயப்படாதே என்று சொல்லிக்கொண்டே, பயப்படுவதற்கான காட்சியை நாங்களே எடுத்துக் கொடுத்திருந்தோம்.

நேரே முதலாளி அறைக்குப் போனேன். மேனேஜரும் அங்கேதான் இருந்தார்.

"கேட்டைத் தெறந்து விட்டரலாங்க சார்."

"தெறந்தாப் போயிருவாங்க கண்ணு."

"போறவங்க போகட்டுங்க. ஸ்டேஷனுக்கு நம்ம பஸ்ஸே கொண்டுபோய் விடட்டும், டிக்கெட்டும் நாமளே போட்டுக் குடுக்கலாம். நெனைச்சாப் போகலாம்னு தெரிஞ்சாத்தானுங்க இருக்கறவங்க நிம்மதியா இருப்பாங்க."

மேனேஜர் சிரித்தார். "நல்லாருக்குதுங்க! ரிஸ்க்கைக் கொறைங்கன்னு உங்கள வெச்சா, டிக்கெட் போட்டு ஏத்தி விடறேங்கறீங்க."

"ராத்திரி அவங்க செவுரேறிக் குதிச்சு லாரி முன்னால நின்னாங்கன்னா, அதுக்கு எந்தக் கலருங்கண்ணா அடிக்கறது?"

அவர் சிரிப்பு நின்றது. முதலாளி என் பக்கம் திரும்பினார். "நாம நல்லதுக்குத்தானே செஞ்சோம்?"

"நல்லதுக்குத்தானுங்க சார். அவங்க ஊட்டுல இருந்து பாத்தா நல்லது தெரியலைங்க. பூட்டுன கேட்டுத்தான் தெரியுது."

அவருடைய மகள் கனடாவில் இருக்கிறாள். அதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். "எம் பொண்ணு ரெண்டு நாள் போன் எடுக்கலீன்னா எங்க ஊட்டுல யாருக்கும் சோறு எறங்காது." பிறகு மேனேஜரிடம், "இப்பவே தெறந்து விடச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம எப்பவும் போல பஸ்ஸு போகட்டும்" என்றார்.

பூட்டு உடனே போனது. சனிக்கிழமை முழுக்க நான் விடுதியில் உட்கார்ந்து, யார் ஊருக்குப் போக விரும்புகிறார்கள் என்று கேட்டு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். ஜிலேபித் தட்டோடு வந்தவளின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. தடுத்து ஒரு வார்த்தை சொல்ல நாக்கு துறுதுறுத்தது, சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தை பஸ் நிரம்பியது, நானும் உடன் கிளம்பினேன். அவள் ஒரு பெரிய பையோடு ஏறினாள். "பாருங்க, சந்தைக்கு மூட்டை முடிச்சோட!" என்று மேனேஜர் என் காதில் முணுமுணுத்தார். மாலை ரயில் வரைகூடப் பொறுக்காமல் அப்படியே போய்விடுவாளோ என்று நானும் நினைத்தேன். ஆனால் பை காலி. சந்தையில், ஊருக்குக் கொண்டுபோக நேந்திரம் சிப்ஸ், தம்பிக்கு ஜீன்ஸ், அம்மாவுக்கு ஒரு சேலை என்று வாங்கி அடைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் மில்காரர்கள் வழக்கமாகப் போகும் பேக்கரிக்குள் நுழைந்து இரண்டு டீயும் தேங்காய் பன்னும் சொல்லிவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்தாள். தெருவைக் காட்டினாள். பூக்காரம்மாவை, நகராமல் நின்ற டவுன் பஸ்ஸை, என்னை, என் பன்னை.

"யாரும்மா போன்ல?" என்று டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மாங்க."

"ஏனுங்கம்மா, சௌக்கியமுங்களா? புள்ள சர்க்கரை சாஸ்தி போடச் சொல்லுதுங்க, நீங்களே கேளுங்க!"

அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனாலும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனி நல்லாச் சாப்பிடுவாங்களாம்" என்றாள் என்னிடம்.

அன்று மாலை கோவை ஜங்ஷனில் அவளையும் மற்றவர்களையும் ரயில் ஏற்றினோம். "வாரேனுங்கக்கா" என்றாள். இங்கே போகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். அதை வைத்துக் கணக்குப் போட முடியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

எல்லாம் சுபம் என்று சொன்னால் பொய். நூற்க ஆளில்லாமல் சில ஃப்ரேம்கள் துணி போர்த்திக்கொண்டு நின்றன. ஒரு ஆர்டர் தாமதமானது. நூல் வாங்குகிறவர் கேட்பதற்கு முன் நாங்களே போன் செய்து சொல்லிவிட்டோம். திட்டினார், ரத்து செய்யவில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் ஊருக்கே போகவில்லை. ஹோலியன்று கேட்டுக்கு வெளியிலேயே விளையாடினார்கள். மேனேஜர் வெள்ளைச் சட்டையோடு வந்து வசமாக மாட்டிக்கொண்டார். சுவர் ஏறும் பேச்சு அடங்கிப்போனது.

அவளிடமிருந்து மட்டும் சேதி இல்லை. மேனேஜர் தினமும் கேட்பார். "டிக்கெட் போட்டு அனுப்புனீங்களே, ரிட்டர்ன் ஏதாச்சும் கண்ணுல தெம்படுதுங்களா?" நான் சிரித்து மழுப்புவேன். உள்ளுக்குள் உறுத்தியது.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுப் பக்கம் ஒரே பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தேன். அதே பெரிய பை. பக்கத்தில் அவளைவிட ஒரு பிடி உயரமாக இன்னொரு பெண். பெரியம்மா மகளாம், கல்யாணமாகிப் புருஷனோடு திருப்பூரில் வேலைக்குப் போகிறவள், வழித்துணைக்கு வந்திருக்கிறாள். இவள் உள்ளே வராமல் போனை உயர்த்தி, விரியத் திறந்து கிடந்த கேட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

வாட்ச்மேன் தன் முறை வருவதைப் பார்த்துவிட்டார். தடியை நாற்காலிக்குப் பின்னால் மறைத்தார், மீசையை நீவினார், தொப்பியைச் சரிசெய்தார். போன் அவர் பக்கம் திரும்பியதும் இரண்டு கையையும் கூப்பினார்.

"நமஸ்தேங்க!"