அக்கா வாளி போட்ட கிணறு

எங்கள் அக்கா நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டக்காரர் வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தார்கள். அம்மா போன பின் என்னை வளர்த்தவர்கள். திண்டுக்கல்லுக்கு அருகில் வாக்கப்பட்டார்கள். தங்கையான நானும் கூடவே போனேன். அவர்கள் மறைந்து ஓராண்டு ஆகிறது. எனக்கு எழுத்து அதிகம் வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அந்த ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். மாதவிலக்காகித் தூரமான பெண்கள் அதைத் தொடக் கூடாது. அந்த நாட்களில் அவர்களுக்குக் குளிக்க, துணி அலச, குடிக்க எல்லாம் ஓடைதான். பிள்ளை பெற்ற தீட்டுக்கும் அதே. ஓடைக்கு மேலே தோல் பதனிடும் ஷாப்பு வந்தது. தோல் ஊறிய சுண்ணாம்புத் தண்ணீரை ஓடையில் விட்டார்கள். ஆண்கள் தங்கள் மாட்டை அங்கே இறக்கவில்லை. பெண்களை இறக்கினார்கள்.

அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே புண். பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. மாமியார், "அவ வயித்துலதான் கோளாறு. என் மகனுக்கு வேற பொண்ணு பாக்கணும்" என்றார். தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஒரு மாதம் தூரமான அன்று அக்கா நேரே போய்க் கிணற்றில் வாளி போட்டார்கள். ஊர் கூடியது.

"ஏத்தா, தீட்டோட கிணத்துல எறச்சியா?" என்றார் நாட்டாமை.

"எறச்சேன்."

"ஓடை இருக்குல்ல?"

அக்கா ஒரு செம்பை அவர் முன் வைத்தார்கள். "ஓடைத் தண்ணிதான் மாமா. ஒரு மடக்கு குடிச்சுட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க."

அவர் துண்டால் மூக்கைப் பொத்தினார்.

"குடிப்பா," என்றாள் பின்னாலிருந்த கிழவி ஒருத்தி. "நீ என்ன புள்ளையா பெக்கப் போற?"

தீர்ப்புச் சொல்லாமல் கலைந்தார்கள். கிணற்றில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அடுத்த மாதமும் அக்கா இறைத்தார்கள். மறுபடி தெளித்தார்கள். தெளித்துத் தெளித்து அலுத்துப்போனார்கள். பிறகு மற்ற பெண்களும் வாளியை எடுத்தார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் வேறு பெண் கட்டவில்லை. ஆனால் அக்காவின் அடிவயிற்று நோவு தீரவில்லை. அதில்தான் போனார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் விதி என்றார்கள். விதிக்குத் தோல் நாற்றம் கிடையாது.

வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவுக்கும், ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிய பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. தோல் ஷாப்பு முதலாளி அனுப்பிய மாலையைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

அக்காவைக் கடைசியாகக் குளிப்பாட்ட அந்தக் கிணற்றில் இறைத்துத் தந்த பெண்களுக்கு நன்றி. அவர்களில் தூரமானவர்களும் இருந்தார்கள். நானும்தான். யாரும் கேட்கவில்லை.