சத்தம் எண்ணும் விளையாட்டு

மெழுகு கிரேயான் வாசனை வந்தால் நான் வேறு அறைக்குப் போய்விடுவேன். நேற்று என் மகள் வாதாம் இலையைத் தாளுக்கு அடியில் வைத்து மேலே பச்சைக் கிரேயானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நரம்பு நரம்பாக இலை எழுந்து வந்தது. அதே நேரம் அவளுடைய பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு அறிவிப்பு. ஞாயிறு காலை பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து இயற்கை நடை, கைவேலை, 'கண்ணை மூடிக் கேட்போம்'. "போலாமே, நீதான் இதுல எக்ஸ்பர்ட்டாச்சே" என்றார் என் கணவர். எக்ஸ்பர்ட்! எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். அடுப்பு எரியவே இல்லை.

திருப்பதியில் ஒரு மழலையர் பள்ளியில் எனக்கு முதல் வேலை. புத்தூரிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். டீச்சர் டிரெயினிங் முடித்த கையோடு வந்ததால் உலகத்துக் குழந்தைகளை நான்தான் திருத்தப் போகிறேன் என்று நினைப்பு. மாதம் ஒரு ஞாயிறு குடும்பங்களை மலையடிவாரத்து ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகும் யோசனை என்னுடையதுதான். செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் மெதுவாக நடக்கச் சொல்வேன். நெருஞ்சி முள் குத்திய அம்மாக்கள் தெலுங்கில் என்னைத் திட்டுவார்கள். பிறகு புளியமரத்தடியில் இரண்டு நிமிடம் கண்ணை மூடி உட்கார வேண்டும். காதில் விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும். ஒரு நிமிடம் ஆவதற்குள் யாராவது ஒரு வாண்டுக்கு ஒன்றுக்கு வந்துவிடும்.

லாவண்யாவுக்கு அப்போது நாலு வயது. அவளுடைய அப்பா தேசப்பன் தமிழ் பேசும் எல்லையோரப் பாலசமுத்திரம் பக்கத்துக்காரர். வகுப்பில் சாத்விக் என்று ஒரு பையன், அவனுடைய அப்பா வீடு கட்டி விற்பவர். அவருடைய சைட்டில் தேசப்பன் வாட்ச்மேன், குடும்பத்தோடு அங்கேயே ஷெட்டில் வாசம். லாவண்யாவுக்குப் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்ததும் அந்த சாத்விக்கின் அப்பாதான். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது.

தேசப்பன் வந்தால் எனக்கு வேலையே இருக்காது. ஓலையைக் கிழித்து, கருவேல முள்ளைக் குத்தி, பேசிக்கொண்டிருக்கும்போதே காத்தாடி செய்துவிடுவார். பிள்ளைகள் மொத்தமும் அவர் பின்னால் ஓடும். நான் வாங்கிப்போன கிரேயானும் கலர் காகிதமும் பசையும் பை திறக்காமலே வீடு திரும்பும். பொறாமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன். மனிதர் எங்கே போனாலும் டயர் செருப்புதான், கழற்றச் சொன்னால் சிரிப்பார். சத்தம் எண்ணும்போது லாவண்யாவின் கட்டைவிரல் எப்போதும், உட்கார்ந்தபடியே அவர் மண்ணில் தேய்க்கும் அந்தச் செருப்புச் சத்தத்துக்குத்தான் மடங்கும்.

அந்த ஞாயிறு எல்லோரும் கண்ணை மூடியிருந்தோம். நான் மட்டும் பாதி திறந்திருந்தேன், டீச்சர் புத்தி. திடீரென்று தேசப்பன் எழுந்தார். மகளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய் நின்றார். முகம் வெளிறிவிட்டது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏரிக்கரை மேல் ஒரு ஜீப் வந்தது. சுற்றிப் பார்க்க வந்த யாரோ, கையாட்டிவிட்டுப் போனார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் கையைத் தட்டி, "லாவண்யா, நைனாவுக்கு மட்டும் எப்படிம்மா அவ்ளோ சீக்கிரம் கேட்டுச்சு? எல்லாருக்கும் சொல்லு" என்றேன். அவள் இடுப்பிலிருந்தபடியே பெருமையாகச் சொன்னாள்: "நைனா காட்டுல செம்மரம் வெட்டும்போது ஜீப்பு சத்தம் கேட்டா ஓடிடணும் டீச்சர். அதான் நைனா காது ஷார்ப்பு."

அம்மாக்கள் தேசப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். சாத்விக்கின் அப்பாதான் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏமய்யா, நுவ்வு ஸ்மக்லரா?" தேசப்பனும் சிரித்தார். கையில் இருந்த காத்தாடி கசங்கிப் போயிருந்தது.

திங்கள்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு, அந்தக் குழந்தை சொன்னது உண்மையா என்று கேட்டார். டிவியில் பார்த்ததை உளறியிருக்கும் மேடம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் மாதிரி, "அப்படித்தான் சொன்னாள் மேடம்" என்றேன். வேலை போய்விடுமோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. அன்று மாலையே பெற்றோர் குரூப்பிலிருந்து தேசப்பனை நீக்கச் சொன்னார். நீக்கியதும் இந்த விரல்தான்.

இரண்டு நாள் கழித்து தேசப்பன் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். "டீச்சர், வயித்துக்கு இல்லாம ரெண்டு வாட்டி போனேன். அவ பொறந்ததுல இருந்து அந்தப் பக்கமே போவல. இப்ப ஓனரு ஷெட்ட காலி பண்ணச் சொல்லிக்கினு கீறாரு. அவங்க எல்லாம் உங்க பேச்ச கேப்பாங்க. ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர். இந்த வேலயும் பூட்டா திரும்ப மலைக்குத்தான் போவணும்."

"பார்க்கலாங்க" என்றேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றும் சொன்னேன். அன்று ரயில் ஒரு மணி நேரம் லேட். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சமோசா தின்றேன். சாத்விக்கின் அப்பா நம்பர் என் போனில் இருந்தது. அன்றும் கூப்பிடவில்லை, மறுநாளும் கூப்பிடவில்லை.

மழைக்காலம் முடிந்த சமயம் லாவண்யாவின் அம்மா டி.சி. வாங்க வந்தாள். ஷெட் போய், வேலை போய், தேசப்பன் யாரோ மேஸ்திரியோடு மலையேறியிருக்கிறார். கூடப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். இவர் வரவில்லை. "ஜெயில்லயும் இல்ல, ஆஸ்பத்திரிலயும் இல்ல. எங்கன்னு போய்க் கேக்கறது?" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. நான் செய்ததும் செய்யாததும் அவளுக்குத் தெரியாது. நல்ல டீச்சர் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

லாவண்யா என் மேஜையோரம் கண்ணை மூடி நின்றாள். அவளாகவே விளையாட ஆரம்பித்துவிட்டாள். மின்விசிறி, ஆட்டோ, காக்கா, யாரோ அழும் பிள்ளை என்று நாலு விரல் மடங்கியது. கட்டைவிரல் மட்டும் நீட்டியபடியே இருந்தது. "இதை மடக்கலியா?" என்று கேட்டேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள்.

"அது நைனா செருப்புக்கு டீச்சர்" என்றாள்.

இப்போது அந்த ஏரிக்கரை வீட்டுமனை ஆகிவிட்டது. புளியமரம் இல்லை, பள்ளி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. அதெல்லாம் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. குரூப்பில் 'நாங்கள் வரவில்லை' என்று தட்டிவிட்டு வந்து பார்த்தேன். என் மகள் தன் கையையே தாளில் வைத்து, சுற்றிலும் கிரேயானால் வரைந்துகொண்டிருந்தாள். நாலு விரல் முடிந்திருந்தது. கட்டைவிரலுக்கு வருவதற்குள் நான் உள்ளே போய்விட்டேன்.