பால்காரர் டயரும் என் இட்லி மாவும்

2004-ஆம் வருடம், ஜூன் மாதத் தொடக்கம். அப்போது நாங்கள் புனேவில் லோஹேகாவ் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவருக்கு விமானப்படையில் வேலை. அந்த வருடம் மார்ச்சில் அவரை அஸ்ஸாம் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கே குடும்பத்தைக் கூட்டிப்போக வழியில்லை. நானும், மூன்றாம் வகுப்பு முடித்திருந்த என் மகளும், பழைய போர்வை போட்டு மூடிவைத்த அவருடைய நூறு சிசி மோட்டார் சைக்கிளும்தான் புனேவில் மிச்சம்.

பொள்ளாச்சியில் மாமியார் வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மகளுக்கு டி.சி. வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடு, புருஷன் வெளியூரில் இருந்தால் எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள் என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்குப் போக மனமே இல்லை. கல்யாணமாகிப் பத்து வருடத்தில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு தொழில் அரும்பியிருந்தது. அது இட்லி மாவு.

விமான் நகரில் அப்போது புதிது புதிதாக கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. சென்னை, கோவைப் பையன்கள் ஒரு பிளாட்டில் நாலைந்து பேராகத் தங்கிக்கொண்டு, காலையில் போஹா என்கிற அவல் உப்புமாவைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் நிலைமைக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்குத்தான் முதலில் மாவு அரைத்துக் கொடுத்தேன். அதில் ஒருவர் தன் கம்பெனி கேன்டீன் கான்ட்ராக்டரிடம் என்னைப் பற்றிச் சொல்லிவைத்தார். அந்த கான்ட்ராக்டர் மராட்டிக்காரர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொண்டை. என்னை ‘வைனி’ என்று கூப்பிடுவார், அண்ணி என்று அர்த்தம். ஜூன் முதல் வாரம் தினமும் இரண்டு கேன் மாவு கொண்டுவாருங்கள், ஆட்கள் விரும்பிச் சாப்பிட்டால் நிரந்தர ஆர்டர் என்றார்.

கணவரிடம் போனில் பேசி முடிவு செய்தோம். ஆர்டர் நிலைத்தால் புனேவில் இருக்கலாம். இல்லையென்றால் டி.சி. வாங்க வேண்டியதுதான்.

கேன்களைப் பேருந்தில் ஏற்ற முடியாது. ஆட்டோக்காரர்கள் மாவைப் பார்த்ததும் பறந்துவிடுவார்கள். ஆகவே போர்வையை உருவினேன். கியர் வண்டி ஓட்ட எனக்குப் பள்ளிக்கூட நாளிலேயே தெரியும். அண்ணன்களின் வண்டியைத் தோப்புக்குள் திருட்டுத்தனமாக ஓட்டி, அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். வெல்டிங் பட்டறையில் சொல்லிப் பின்சீட்டின் இரு பக்கமும் இரும்பு வளையம் வைத்து, கேன் உட்காரும்படி செய்துகொண்டேன். அஸ்ஸாமிலிருந்து கணவர் போனிலேயே குதித்தார்.

“அம்மிணி, அந்த டயரு ரெண்டும் மொழுக்குன்னு கெடக்குது. பாரத்தையும் ஏத்தீட்டு மழைக்குள்ள அதுல போனீன்னா வழுக்கிப் போடும். மொதல்ல மாத்து!”

சரி, மாற்றுகிறேன். ஆனால் எந்த டயர்? அதுவரை டயர் என்றால் கறுப்பாக, வட்டமாக இருக்கும் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. இந்த இடத்தில்தான் நான் என் மூளையை உபயோகித்தேன். எங்கள் தெருமுனையில் ஒரு பால் டெய்ரி உண்டு. விடிகாலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து பால்காரர்கள் வருவார்கள். எல்லாரும் மோட்டார் சைக்கிள்தான், இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கும். என் வண்டியும் இனிமேல் அப்படித்தானே இருக்கப்போகிறது? வெயிலிலும் மழையிலும் பாரம் ஏற்றி ஓட்டுகிறவர்களைவிட வேறு யாருக்குத் தெரிந்துவிடும் என்று, பால் வாங்குகிற சாக்கில் அத்தனை வண்டிகளின் டயரையும் குனிந்து குனிந்து பார்த்தேன். எல்லாம் ஒரே ரகம். கட்டம் கட்டமாகத் தடித்த, கல் போன்ற டயர். ஒரு பால்காரர் நான் காற்றைத் திறந்துவிட வந்தவள் என்று நினைத்து முறைத்தார்.

நானா பேட்டையில் ஒரு டயர் கடைக்குப் போய் அதையே கேட்டேன். கடைக்காரர் மெச்சினார். இதற்கு ஆயுசு ஜாஸ்தி மேடம், தேயவே தேயாது என்றார். தேயவே தேயாது என்ற வார்த்தையில் எந்தக் குடும்பப் பெண்தான் மயங்கமாட்டாள்? இரண்டு சக்கரத்துக்கும் அதையே போட்டு, பால்காரர்கள் செய்வது போலவே காற்றையும் கிண்ணென்று அடைத்துக்கொண்டு வந்தேன். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

கேன்டீனுக்கு மாவு கொண்டுபோன இரண்டாம் நாளே பெருமை இறங்கிவிட்டது. கான்ட்ராக்டர் என்னைச் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டு, ஒரு தட்டை முன்னால் வைத்தார். அதில் இருந்தவை இட்லி என்று நான் சொன்னால்தான் தெரியும். தட்டையாக, விறைப்பாக, உதிர்த்தால் உதிராமல் கிடந்தன. “வைனி, இதைச் சாம்பாரில் போட்டால் நீச்சலடிக்கிறது, ஊறவே மாட்டேன் என்கிறது” என்று இந்தியில் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, சனிக்கிழமை வரை பார்க்கிறேன், அதற்குள் சரியாகாவிட்டால் உப்புமாவுக்கே போய்விடுகிறேன் என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதே மாவில்தான் வீட்டில் மகளுக்கு இட்லி ஊற்றுகிறேன், பஞ்சு மாதிரி வருகிறது. உளுந்தைக் கூட்டிப் பார்த்தேன். ஊறும் நேரத்தை மாற்றினேன். அரிசிக் கடையில் போய்ச் சண்டை போட்டேன், பாவம் அந்த மனிதர். மறுநாளும் கேன்டீனில் அதே தட்டை இட்லி. ஊரிலிருந்து மாமியார் போனில், டி.சி.க்கு எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டார். நாளைக்குக் கொடுக்கிறேன் அத்தை என்று சொல்லி வைத்தேன்.

அன்றைக்கு நடந்த ஒன்றுதான் என் கண்ணைத் திறந்தது. கேன்டீனில் ஒரு கேன் மாவே போதும் என்று இன்னொரு கேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால், காலையில் கழுத்து வரை பொங்கி நின்ற மாவு நாலு விரல் கீழே இறங்கிக் கிடந்தது. குமிழி ஒன்றுகூட இல்லை. அதில் இட்லி ஊற்றினேன். கேன்டீன் இட்லியேதான்! பக்கத்தில், வீட்டைவிட்டு நகராத பாத்திரத்து மாவில் ஊற்றினேன். பஞ்சு!

அப்போதுதான் புரிந்தது. கோளாறு உளுந்திலும் இல்லை, அரிசியிலும் இல்லை. வழியில் இருக்கிறது. கல் டயரில் காற்றை இறுக்கி அடைத்து, லோஹேகாவ் சாலையின் பள்ளங்களில் வண்டி குதிக்கக் குதிக்க, புளித்துப் பொங்கிய மாவு குலுங்கிக் குலுங்கிக் காற்றெல்லாம் போய்விடுகிறது. பால் குலுங்கினால் ஒன்றும் ஆகாது, கொஞ்சம் நுரைக்கும், அவ்வளவுதான். பால்காரருக்கு டயர் ரொம்ப நாள் வந்தால் போதும். நான் பாலா கொண்டுபோகிறேன்? என்னை நானே தலையில் குட்டிக்கொண்டேன்.

இன்னொன்றும் யோசித்தேன். அந்த டயர் வந்த நாளிலிருந்து, காலையில் தண்ணீர் தெளித்த வாசல்களைத் தாண்டும்போது பின்பக்கம் லேசாக நழுவுகிற மாதிரி ஓர் உணர்ச்சி இருந்தது. பாரத்தினால் என்று நினைத்து விட்டுவிட்டேன். வெறும் ஈரத்துக்கே இப்படியென்றால் மழைக்கு என்ன ஆகும்?

அன்று மத்தியானமே மறுபடியும் டயர் கடை. விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரேஸுக்கு டயர் கேட்டு வந்திருக்கிறார்கள், கிராமத்துச் சேற்றுக்குக் கேட்டு வந்திருக்கிறார்கள், இட்லிக்கு டயர் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்றார். சிரித்தாலும் மனிதர் நல்லவர். சாலையை நன்றாகப் பிடிக்கிற டயர் மிருதுவான ரப்பராக இருக்கும், அது சீக்கிரம் தேயும். நாள்பட உழைக்கிற டயர் கெட்டியாக இருக்கும், அது வழுக்கும். எது வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று விளக்கினார்.

நான் அடுக்கியிருந்த டயர்களை ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்திப் பார்த்தேன், முள்ளங்கி முற்றலா பிஞ்சா என்று பார்ப்போமே, அப்படி. ஒன்றில் நகம் ஏறவே இல்லை. ஒன்றில் நன்றாகவே பதிந்தது. அதில் தண்ணீர் ஓடுவதற்கு ஆழமான வாய்க்கால்களும் இருந்தன. பிரேக் பிடித்தால் வண்டியை நிறுத்துவது முன்சக்கரம்தான், அதில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள் என்று அவர் சொன்னதால் முன்னால் அந்த மெத்தென்ற டயர். பாரம் தாங்கும் பின்சக்கரத்துக்கு அதைவிட ஒரு படி கெட்டி, ஆனால் நகம் பதிகிற ரகம். காற்றை மட்டும் என் இஷ்டத்துக்கும் விடவில்லை, பால்காரர் இஷ்டத்துக்கும் விடவில்லை. பாரம் ஏற்றினால் காற்று எவ்வளவு என்று வண்டியின் செயின் கவரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, அந்த அளவு. கழற்றிய கல் டயர்களை எங்கள் டெய்ரியில் ஒரு பால்காரர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். என்னை முறைத்தவரேதான்.

சாயங்காலம் கணவர் போன் செய்தார். விஷயத்தைக் கேட்டுப் பதறிவிட்டார்.

“என்ற அம்மிணி, பின்னாடி டயரு வருசங்கூட வராதே! தேஞ்சு போயிருமே!”

“தேஞ்சாத் தேயுதுங்க. நான் போய்ச் சேரோணும், மாவும் போய்ச் சேரோணும். டயரப் பத்திரமா வெச்சுக்கறதுக்கா வண்டி ஓட்டறேன்?”

என்னிடமிருந்து இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும்தான்.

புது டயர் பளபளவென்று இருக்கும், முதலில் கொஞ்சம் வழுக்கும், மேல்பூச்சு போகும்வரை நிதானம் என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். இரண்டு நாள் வெறும் வண்டியைக்கூட ஓட்டிப் பழக்கினேன். வெள்ளிக்கிழமை இட்லி பரவாயில்லை என்று கான்ட்ராக்டர் முகம் சொன்னது. சனிக்கிழமைதான் தீர்ப்பு.

சனிக்கிழமை காலையில் கேன்களை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் பிடித்தது பாருங்கள், அந்த வருடத்தின் முதல் மழை! புனேக்காரர்களுக்கு இது தெரியும். நாலைந்து மாதப் புழுதியும் வண்டிகள் சிந்திய எண்ணெயும் முதல் மழையில் கரைந்து, சாலை முழுக்கச் சோப்புத் தேய்த்த குளியலறை மாதிரி ஆகிவிடும். என் கண்ணெதிரே ஒரு பைக் அப்படியே படுத்துக்கொண்டு போனது. ஓட்டியவர் எழுந்து உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டார், நல்லவேளை. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. ஓரமாக நின்றுவிடலாமா என்று தோன்றியது. நின்றால் டிபன் நேரம் போய்விடும். நிதானமாகவே போனேன்.

விமான் நகருக்குத் திரும்பும் இறக்கத்தில், எனக்கு முன்னால் போன ஆட்டோ எந்தச் சைகையும் இல்லாமல் திடீரென்று நின்றது. பிரேக்கைப் பிடித்தேன். இரண்டு கேன் மாவும் என்னை முன்னால் தள்ளுகின்றன. முன்சக்கரம் சாலையைக் கவ்விப் பிடித்தது. பின்பக்கம் லேசாக ஆடி, தானாகவே நேராகிக்கொண்டது. ஆட்டோவின் பின்பக்கத்துக்கும் என் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். வண்டி நின்றேவிட்டது! கால் ஊன்றினேன், மூடியைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கொட்டுகிற மழையில், நடுரோட்டில், நான் சத்தமாகச் சிரித்தேன். ஆட்டோக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

கேன்டீனில் தொப்பலாக நனைந்து நின்றேன். கான்ட்ராக்டர் தானே மூடியைத் திறந்தார். மாவு கழுத்தளவு நின்றது. தட்டுகளில் ஊற்றி, வேகவைத்து, மூடியைத் தூக்கினால் ஆவிக்குள்ளே அத்தனை இட்லியும் மொத்தென்று எழும்பி உட்கார்ந்திருந்தன. அவர் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார். இன்னொன்றை எடுத்தார். அப்புறம் மூன்றாவது. அதற்குள் முதல் தட்டுகள் வெளியே போயிருந்தன, வரிசையிலிருந்து ஒரு பையன் தமிழில் கத்தினான்: “யாருங்க மாவு? எங்க அம்மா கையால சாப்பிட்ட மாதிரி இருக்கு!” அவர் என்னைக் கையைப் பிடிக்காத குறையாக வெளியே அழைத்துப்போய், இவங்கதான் என்று காட்டினார். உடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்து அந்த வரிசை முழுக்கக் கைதட்டியது. வாழ்க்கையில் எனக்காக யாரும் கைதட்டியது அதுதான் முதல் தடவை. திங்கட்கிழமையிலிருந்து இரண்டு கேன் போதாது வைனி, நாலு வேண்டும் என்றார் கான்ட்ராக்டர்.

நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் கணவரின் யூனிட்டுக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்கக் கதையைச் சொல்லி முடித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“அப்பறம் என்ன அம்மிணி, பொள்ளாச்சிக்கு நீயே போன் போட்டு, வரலீன்னு சொல்லிப்போடு. நான் சொன்னா நல்லாருக்காது. இது நீ சம்பாரிச்சது.”

சொன்னேன். மாமியார், மழையில் பார்த்து ஓட்டு என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பின்டயர் என் கணவர் பயந்தபடியே வருடத்துக்குள் தேய்ந்தது. அதே ரகத்தை மறுபடி வாங்கினேன், அதற்கப்புறமும் வாங்கினேன். ஒரு தடவைகூட விழவில்லை. இப்போது மாவு கொண்டுபோக டெம்போ இருக்கிறது, மகள் அதே புனேவில் வேலைக்குப் போகிறாள். ஆனால் இன்றைக்கும் யாராவது என்னிடம் ‘எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்’ என்று சொன்னால், அவர்கள் சுமந்துபோவது என்ன, நான் சுமந்துபோவது என்ன என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் தலையாட்டுகிறேன்.